இடைக்கால நிர்வாகி

போன் இன்னும் அடிக்கவில்லை. நிமிர்த்தி வைத்தால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும் என்று நாற்காலிக் கையின்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு முதல் வழக்கே நம்முடையதுதான், தீர்ப்பு வாசித்த உடனே கூப்பிடுகிறேன் என்று ரேணுகா சொல்லியிருக்கிறாள். மடத்துக்காக உயர்நீதிமன்றத்தில் ஆஜராகிற வக்கீல் அவள், என் மகள் வயசு. குரலில் அவ்வளவு சந்தோஷம். "உங்களுக்கு இன்னைக்கு விடுதலை சார்," என்றாள். விடுதலை. ஜில்லா ஜட்ஜாக இருந்தபோது எத்தனையோ பேருக்கு அந்த வார்த்தையை நான் வாசித்திருக்கிறேன். சிலர் கேட்டுவிட்டு நகராமல் கூண்டிலேயே நிற்பார்கள். போலீஸ்காரர் தோளைத் தொட்டு, போய்யா, உன்னை விட்டாச்சு என்று சொல்ல வேண்டியிருக்கும். ஏன் நிற்கிறான் இவன் என்று எனக்கு எரிச்சலாக வரும். சிவக்கொழுந்து காலடியில் உட்கார்ந்து என் இடது முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறான். முன்பு பீடத்தில் இருந்த பழைய சந்நிதானத்துக்கு வாலிபத்திலிருந்தே பணிவிடை செய்தவன். எனக்கு முழங்கால் வலித்ததே கிடையாது, முதுகுதான் வலிக்கும். இந்த மடத்துக்கு வந்த முதல் மழைக்காலத்தில் ஒருநாள் இவனாகவே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "இடதுதானே ஐயா?" என்று கேட்டபடி உட்கார்ந்துகொண்டான். எனக்கு வலியில்லையப்பா என்றேன். "வலிக்கும் ஐயா," என்றான். அன்று சாயங்காலம் படியிறங்கும்போது வலித்தது. அவன் சொன்னதால் வந்த வலி என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வயசானவனிடம் எந்த மூட்டைச் சொன்னாலும் அது வலிக்கத்தான் செய்யும்.

ஆறு மாசம் என்று சொல்லித்தான் என்னைப் போட்டார்கள். அது போய் இன்னொரு ஆறு மாசம், அதற்குப் பிறகு இன்னொன்று, அப்படியே வருஷங்கள் போயின. நீதிபதிகள் மாறினார்கள், நீட்டிப்பு மாறவில்லை. இடைக்கால நிர்வாகி. எதற்கும் எதற்கும் இடையில்? ஒரு சாவுக்கும் ஒரு தீர்ப்புக்கும் இடையில். மேலப்புன்கூர் மடத்தில் பட்டத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிற வழக்கமில்லை. பீடத்தில் இருக்கிறவர் அடுத்து வரப்போகிறவரின் தலையில் வலது கையை வைக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய சந்நிதானம் நாலு பேர் பார்க்க யார் தலையிலும் கை வைக்காமலே போய்ச் சேர்ந்தார். மூத்த சீடர் சொக்கலிங்கத் தம்பிரான், கடைசி நாளில் அறைக்குள் என் தலையில் வைத்தார் என்றார். இளையவர் ஏகாம்பரத் தம்பிரான், நான் காசியிலிருந்து திரும்பிய அன்றே என் தலையில் வைத்துவிட்டார் என்றார். ஒரே கை, இரண்டு தலை, சாட்சி கிடையாது. சாமி விஷயத்தில் கோர்ட்டுக்கு என்ன வேலை என்று இப்போது கேட்கிறவர்களுக்கு அந்த மாசம் மறந்துபோயிற்று. வாசலில் அரிவாள் வெட்டு, காவல்காரனுக்கு ஒரு கண் போயிற்று. இரண்டு தரப்பும் மாற்றி மாற்றிப் பூட்டுப் போட்டதில் பூசை நின்றது. பூட்டிய கொட்டிலுக்குள் மாடுகள் கத்துவது தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம். யாராவது வந்து திறக்கத்தானே வேண்டும்? நான் வந்த அன்று முதலில் திறக்கச் சொன்னது அந்தக் கொட்டிலைத்தான். உள்ளே நின்றவை என்னைப் பார்த்துக் கத்தவில்லை. கத்தி முடித்திருந்தன. என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு இரு தரப்பு வக்கீல்களும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: கோயிலுக்கே போகாத மனுஷன், எந்தப் பக்கமும் சாய மாட்டார். உண்மைதான். என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. விபூதி பூசியவர்கள் வந்தால் உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார், ஆனால் அவர்கள் நெற்றியைப் பார்த்துப் பேச மாட்டார்.

பீடத்தில் யார் உட்காருவது என்பதுதான் வழக்கு, அதனால் பீடம் காலியாக இருந்தாக வேண்டும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். வந்தவர்கள் காலிப் பீடத்தைக் கும்பிட்டுவிட்டு என்னிடம் மனு கொடுத்தார்கள். அது சரியாக இருந்தது. எப்போது அது மாறியது? ஒரே நாளில் மாறியிருந்தால் எழுந்து போயிருப்பேன். கும்பிடுகிறவர்களின் தலை ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமாக, தரையில் வெயில் நகர்கிற மாதிரி, பீடத்திலிருந்து என் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி போய் இந்தத் தேக்கு நாற்காலி வந்தது, யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. குருபூசை அன்றைக்கு முதல் மரியாதையை யாராவது வாங்கியாக வேண்டும். மரியாதை நின்றால் வழக்கம் நின்றுபோகும், அதை வைத்து இன்னொரு வழக்கு வரும் என்று ரேணுகாவே சொன்னாள். "கோர்ட்டு சார்பா வாங்கிக்கோங்க சார்." கோர்ட்டுக்குத் தலை இல்லை, ஆகவே என் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். துணி நெற்றியில் இறுகியபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன், கொஞ்ச நேரம்தான். பிறகு குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொல்லி வந்தார்கள். வரப்புத் தகராறு, பிரிந்துபோன மருமகள், கல்யாணத்துக்கு நாள். இது என் அதிகார வரம்பில் வராது என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே நிற்பார்கள், அப்படியே நிற்பார்கள், கடைசியில் ஏதாவது சொல்வேன். கோர்ட்டில் நான் சொன்ன தீர்ப்பையெல்லாம் மேல் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். இங்கே ஒருவன்கூடக் கொண்டுபோகவில்லை. அதில் ஒரு ருசி இருந்தது. அந்த ருசியைப் பற்றி எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை.

பொடி டப்பா. அதை நினைக்க வேண்டாம் என்றுதான் காலையிலிருந்து இருக்கிறேன். ஆடிட்டரோடு பேசிக்கொண்டிருந்தேன், குத்தகை விஷயம், நெல் விலை. பேச்சின் நடுவே என் கை பின்னால் போய், திரைச்சீலையை விலக்கி, சுவரிலிருந்த மாடத்துக்குள் நுழைந்து ஒரு வெள்ளிப் பொடி டப்பாவை எடுத்து வந்தது. அங்கே ஒரு மாடம் இருப்பது எனக்குத் தெரியாது. மூடியைத் திறந்து விரலை விட்ட பிறகுதான் விரலைப் பார்த்தேன். எனக்குப் பொடி போடுகிற பழக்கமே கிடையாது. ஆடிட்டர் ஒன்றையும் கவனிக்கவில்லை. கவனித்த சிவக்கொழுந்து ஆச்சரியப்படவில்லை. "தீர்ந்திருக்கும் ஐயா, வாங்கியாரச் சொல்றேன்," என்றான். திரை விலகியிருந்தபோது என்றைக்காவது அந்த மாடம் என் கண்ணில் பட்டிருக்கும், மனசு அதை எங்கோ போட்டு வைத்திருக்கும். சாட்சிகளிடம் இந்த மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்காததைப் பார்த்ததாகவும் பார்த்ததைப் பார்க்காததாகவும் சொல்வார்கள், பொய் சொல்கிற எண்ணமே இருக்காது. சரி. அப்படியானால் தறிக்காரர் வீட்டுக் குழந்தை? ஊரே குளத்தில் வலை போட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தையின் அம்மா ஈரப் புடவையோடு ஓடிவந்து இந்த வாசலில் விழுந்தாள். போலீசுக்குச் சொல்லியாச்சா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "குளத்தைக் கலக்காதீங்க. வைக்கப்போரைப் பாருங்க," என்றது. நான்தான் சொன்னேன், என் தொண்டைதான். ஆனால் அந்தக் குரலை நானும் மற்றவர்களோடு சேர்ந்து கேட்டேன். குழந்தை வைக்கோல் போருக்குள் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தது. அனுபவம் என்று சொல்லிக்கொண்டேன். அடிக்குப் பயந்த குழந்தை ஒளியும், ஒளிந்தால் தூங்கும், எத்தனை வழக்கு பார்த்தாயிற்று. அனுபவம்தான். ஆனால் அன்றைக்கு வாசலில் பூக்கூடையோடு நின்றிருந்த சொக்கலிங்கத் தம்பிரான் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். வழக்கில் ஒரு தரப்பு அவர். பின்கட்டில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு பூசைக்குப் பூப்பறிப்பதோடு சரி, அவரோடு நானும் அதிகம் பேச்சு வைத்துக்கொண்டதில்லை. பேசும்போதும் அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். என் தோளுக்கு மேலே, எனக்குச் சற்றுப் பின்னால் நிற்கிற ஒருவரைப் பார்ப்பார். முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

என் மனைவி கஸ்தூரி ஒரே ஒரு தடவைதான் இங்கே வந்து தங்கினாள். ஒரு வாரம் இருப்பதாக வந்தவள். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன், எழுந்து பார்த்தால் சுவரோரம் ஒண்டி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்னங்க, நீங்க தூக்கத்துல பதிகம் பாடுறீங்க," என்றாள். நானா, என்றேன். "நீங்கதானான்னு தெரியல." தினமும் காலையும் மாலையும் காதில் விழுகிறது, தூக்கத்தில் வராதா என்று சிரித்துப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சாயங்காலமே திருச்சிக்குக் கார் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு போனில்தான் குடும்பம். ராஜினாமா கொடுத்துட்டு வாங்களேன் என்பாள். தீர்ப்பு வந்துவிடும், அடுத்த மாசம் வந்துவிடும் என்பேன். நேற்று, தீர்ப்பு நாளைக்கு என்றதும், "வர்றப்ப தனியா வாங்க," என்றாள். டிரைவரைச் சொல்கிறாள் என்று நினைத்து, காரை அனுப்பிவிட்டு பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் புரிந்தது. புரிந்ததும் பயம் வந்தது. இதோ இப்போதும் இருக்கிறது. எனக்கு என்ன பயம்? தீர்ப்பு வந்தால் இதெல்லாம் போய்விடும் என்பதா, வந்தாலும் போகாது என்பதா? இரண்டுமே இல்லை, இது வெறும் நாற்காலியை விட்டு இறங்குகிற பயம், ஓய்வு பெற்ற அன்றைக்கும் இருந்தது, எல்லா ஜட்ஜுக்கும் இருக்கும். அன்றைக்கு டவாலிச் சேவகன் முன்னால் போகாமல் நான் மட்டும் நடந்து வந்த வராந்தா எவ்வளவு நீளமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு என் கை என்னுடையதாகத்தான் இருந்தது.

போன் அடிக்கிறது. சிவக்கொழுந்து எண்ணெய்க் கையோடு எழுந்து தள்ளி நிற்கிறான். "முடிஞ்சது சார்," என்கிறாள் ரேணுகா, பின்னால் கோர்ட் வராந்தாவின் இரைச்சல். இரண்டு பேர் சொன்னதற்கும் ஆதாரம் இல்லையாம். குரு யார் தலையில் கை வைத்தார், அதனால் அவருக்குள் என்ன போய்ச் சேர்ந்தது என்று அளக்கிற கோல் இந்த நீதிமன்றத்திடம் இல்லை, அது சமயத்தின் உள்விவகாரம், அதற்குள் நாங்கள் நுழையக் கூடாது, சொத்தும் ஒழுங்கும் மட்டுமே எங்கள் பொறுப்பு. ஆகவே பழைய வழக்கப்படி சீடர்களில் மூத்தவர் பொறுப்பேற்க வேண்டும். இடைக்கால நிர்வாகி இன்றே ஒப்படைத்துவிட வேண்டும். "நல்ல ஜட்ஜ்மென்ட் சார். உங்களைப் பாராட்டி ஒரு வரிகூட இருக்கு." என்ன வரி என்று நான் கேட்கவில்லை. நானாக இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன், ஒரு வார்த்தை மாற்றியிருக்க மாட்டேன். நுழையக் கூடாது. சரிதான். இத்தனை வருஷம் நுழைந்து உட்கார்ந்திருந்தது யார் அப்புறம்? இந்தப் பூமாலைகளை வாங்கியது யார், அந்தப் பெயர்களை வைத்தது? இந்த ஊரில் நான் பெயர் வைத்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போகின்றன. அந்த உத்தரவுகளையெல்லாம் எந்த நீதிமன்றம் ரத்து செய்யும்? போனை வைத்தேன். சொல்வதற்குள்ளேயே சிவக்கொழுந்துக்குத் தெரிந்துவிட்டது, அழுதான். தம்பிரானைக் கூட்டிவரச் சொன்னேன்.

சொக்கலிங்கத் தம்பிரான் வந்து கதவைச் சாத்தினார். பூப்பறித்த விரல்களில் பச்சைக் கறை. சாவிக்கொத்தை எடுத்து நீட்டினேன், வாழ்த்துகள் என்றோ என்னவோ சொன்னேன். அவர் வாங்கவில்லை. "கோர்ட்டு வயசைப் பார்த்து எனக்குக் குடுத்திருக்கு," என்றார். "தாலுகா ஆபீஸ்ல பிரமோஷன் குடுக்கிற மாதிரி." தீர்ப்பு உங்களுக்குத்தானே சாதகம் என்றேன்.  பிறகு மெதுவாக, "பெரியவங்க என் தலைல கை வைக்கல," என்றார். எனக்குள் இருந்த ஜட்ஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கூண்டுல ஏறி, சத்தியம் பண்ணி, வச்சாங்கன்னு சொன்னீங்க." "சொன்னேன். மடம் ஏகாம்பரம் கையில போயிடக் கூடாதுன்னு சொன்னேன். அவன் தலைலயும் வைக்கல. எனக்குத் தெரிஞ்ச மாதிரி அவனுக்கும் அது தெரியும். ரெண்டு பேருமா பொய்யைச் சொல்லித்தான் உங்களை இங்க கொண்டுவந்தோம்." அந்தப் பொய்யின்மேல் இந்தத் தீர்ப்பு நிற்கவில்லை என்று உடனே கணக்குப் போட்டது மனசு. மூப்பின்மேல் நிற்கிறது, அசையாது. அப்படியானால் இதைக் கேட்டதை நான் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அப்படித்தானா? சொன்னால் மறுபடியும் வழக்கு, மறுபடியும் பூட்டு, கொட்டிலுக்குள் மாடுகள். "அப்ப அவர் யாருக்குத்தான் குடுத்தார்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்? தம்பிரான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "யாருக்கும் குடுக்காமப் போனாங்க. அது எங்க போகும்? எடம் காலியா இருந்துச்சு. நீங்க வந்து உக்காந்தீங்க." சொல்லிவிட்டு மண்டியிட்டார். வயசான எலும்பு தரையில் படுகிற சத்தம் கேட்டது. மழித்த தலையை என் முழங்காலுக்கு நேரே தாழ்த்திக்கொண்டு, "குடுத்துட்டுப் போங்க," என்றார்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ முற்றத்தைப் பெருக்குகிறார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது, எழுந்திருங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. நான் வைத்தால் கோர்ட்டு வைத்த மாதிரி. எதற்குள் நுழையக் கூடாது என்று இன்று காலை எழுதினார்களோ அதற்குள் கடைசி ஆளாக நானே நுழைந்த மாதிரி. இல்லை, நான் இப்போது கோர்ட்டு இல்லை, உத்தரவு முடிந்துவிட்டது, நான் யாரும் இல்லை. யாரும் இல்லாதவன் கை எந்தத் தலையில் பட்டால் என்ன? வைக்காமல் போனால்? இந்தக் கிழவர் பொய் சொன்னவராகவே பீடத்தில் உட்கார்ந்து, கையில் இல்லாததை இன்னொருவன் தலையில் வைப்பார், அவன் இன்னொருவன் தலையில். அதுகூடப் பரவாயில்லை. வைக்காமல் போனால் அது எங்கே போகும்? என்னோடு பஸ் ஏறும். பக்கத்து சீட்டில் இல்லை, என் சீட்டிலேயே. கஸ்தூரி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவைத் திறப்பாள். அப்பா இருந்தால் என்ன சொல்வார்? அவரை நினைத்துப் பார்த்தேன், மோர் டம்ளரோடு, நெற்றியைப் பார்க்காமல் பேசுகிறவர். எதிரில் மண்டியிட்டிருக்கிற கிழவனை எழுப்ப எது உதவுமோ அதைச் செய்துவிட்டுப் போடா என்றுதான் சொல்லியிருப்பார். சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. வைத்தேன். கை தானாகப் போகவில்லை, அதை இங்கே நிச்சயமாகச் சொல்லிவிட வேண்டும். நான்தான் தூக்கினேன், நான்தான் வைத்தேன். தலை சூடாக இருந்தது. தோலுக்கடியில் ஒரு நரம்பு துடித்தது, அது என் விரலின் துடிப்பா அவர் தலையின் துடிப்பா என்று பிரிக்க முடியவில்லை. எதுவும் நடக்கவில்லை. மின்சாரம் பாயவில்லை, விளக்கு அணையவில்லை, முற்றத்தில் பெருக்குகிற சத்தம் நின்றது, அவ்வளவுதான், பெருக்கி முடித்திருப்பார்கள். பிறகு ஏதோ இலேசானது. நின்று களைத்தவன் உட்கார்ந்தால் இருக்கிற இலேசு. கையை எடுத்தேன்.

தம்பிரான் எழுந்தார். மண்டியிட்டபோது இருந்த தடுமாற்றம் எழும்போது இல்லை. நேராகப் போய்ப் பீடத்தில் உட்கார்ந்து, கதவைத் திற என்று குரல் கொடுத்தார். சிவக்கொழுந்தும், வாசலில் கூடியிருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒரு தூணைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி, இடிக்காமல், பார்க்காமல். எல்லாரும் விழுந்து எழுந்தார்கள். அவர் வரிசையாக விபூதி கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் நான் நின்றிருந்தேன். நகர வேண்டும் என்று தோன்றவில்லை. என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அன்பான பார்வைதான். அதில் பூக்கூடையோடு என் வாசலில் நின்ற வருஷங்கள் எதுவும் இல்லை. ஒரு வெளியூர்க்காரனைப் பார்க்கிற பார்வை. "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க? பேரு என்ன?" என்றார். விளையாடுகிறாரா என்று பார்த்தேன். இல்லை. சிவக்கொழுந்தைப் பார்த்தேன். அவனும் பதிலுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான். "அறவாழி," என்றேன். "திருச்சி." இத்தனை வருஷமாக இந்தச் சுவர்களுக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஐயா, ஜட்ஜ் ஐயா, கோர்ட்டு ஐயா. சொன்னபோது யாரோ வேறொருவனைச் சொல்வது போலத்தான் இருந்தது. அவர் தலையசைத்தார். நான் நீட்டாமலே என் வலது கை நீண்டிருந்தது போலும், உள்ளங்கையில் விபூதி விழுந்தது, குளிர்ந்து, மிருதுவாக. பூசிக்கொள்வதா, தூணில் கொட்டுவதா என்று தெரியாமல் விரல்களை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் கண் கூசியது. பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று ஒரு பழக்கடைக்காரியிடம் கேட்டேன், கையைக் காட்டினாள். கஸ்தூரிக்குப் போன் போட்டு, கிளம்பிவிட்டேன், தனியாகத்தான் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். போனை இடது கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நம்பரைப் போட வலது கையைத் திறக்க வேண்டும்.